குசினிக்குப் போன கப்டன்

பேசாலைக் கரையில் சுவேதினி என்று ஒருத்தி இருக்கிறாள். கருவாடு காயப்போடுகிற கொட்டிலை அங்கே வாடி என்பார்கள். அந்த வாடியில் மீன் வெட்டுகிறவள். முப்பது வயதைக் கடந்தும் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரிப்பாள். மீன் வெட்டுகிற வேகத்தில் அவளை அடிக்க ஆளில்லை என்று ஊர் சொல்லும். அவளுக்கு ஆகாசப் படப் பைத்தியம் என்றும் அதே ஊர் சொல்லும். முதலாவது சரி. இரண்டாவதில் பைத்தியம் என்ற சொல் மட்டும் சரியில்லை. பைத்தியம் பிடித்தவர்கள் கேள்வி கேட்பதில்லை. இவள் கேட்பாள்.

அவளுடைய தகப்பன் முன்பு சந்தியில் சீடிக் கடை வைத்திருந்தார். சாமிப் படம், சண்டைப் படம், காதல் படம் எல்லாவற்றையும் சனம் வாடகைக்குக் கொண்டுபோய்விடும். ஒருவரும் தொடாமல் கிடந்தவை, ஆகாயத்தில் கப்பல் போகிற இங்கிலீசுப் படங்கள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடையின் பின்பக்கத்துக் கதிரையில் ஏறி இருந்து, அவற்றை எல்லாம் சுவேதினி பார்த்துத் தீர்த்தாள். அவர்கள் பேசுவது ஒன்றும் விளங்காது. விளங்காததால் கைகளைப் பார்த்தாள். யார் சுக்கான் பிடிக்கிறார்கள், யார் கதவைத் திறக்கிறார்கள், யார் கத்துகிறார்கள், யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன்பிறகு வேறு விதமாகப் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது கடையும் இல்லை, தகப்பனும் இல்லை. மிஞ்சிய சீடிகளை நூலில் கோத்து, வாடியில் கருவாடு காய்கிற பரணுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். காற்றுக்கு அவை சுழன்று மினுங்கும். காகம் கிட்ட வராது. அவ்வளவு ஆகாயக் கப்பல்களும் கடைசியில் காகம் கலைக்கத்தான் உதவின என்று வாடிப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆனால் கதை சொல்லச் சொல்லி அவர்களேதான் கேட்பார்கள். சூடை மீன் குவியலாக வந்து விழுந்ததும், வெட்டுப் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க விட்டனீ?" என்பார்கள். அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். படம் சொல்வாள், லப்டொப்பில் தான் விளையாடுகிற கேம் சொல்வாள். சொல்லும்போதே நடுவில் நிறுத்தி வழக்கு வைப்பாள்.

"இந்தச் சண்டைக்காரியைப் பாருங்கோ. முழங்காலுக்கு இரும்பு, முழங்கைக்கு இரும்பு. நெஞ்சும் வயிறும் மட்டும் வெளியில. குண்டு என்ன, முழங்காலைத் தேடியே வாறது?"

"ஆம்பிளைக்கு?"

"அவனுக்குக் கழுத்து வரைக்கும் மூடியிருக்கு அக்கா."

அருகில் இருந்து வெட்டுகிற சிவராணிக்குக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு வரும். சிவராணி மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். தேயிலைக் கொழுந்து பறித்த கை இப்போது மீன் வெட்டுகிறது. ஒருநாள் சுவேதினி, ஆகாயக் கப்பல்களில் கப்பலே பேசும் என்றும், அந்தக் குரல் அனேகமாகப் பெண்குரல்தான் என்றும் சொன்னாள். கதவைத் திற என்றால் திறக்குமாம். வெளிச்சத்தைக் குறை என்றால் குறைக்குமாம். திருப்பி ஒரு சொல் சொல்லாதாம்.

"சம்பளம் உண்டா அதுக்கு?" என்று சிவராணி கேட்டாள்.

"இல்லை."

"அப்ப அது நம்ம ஆளுதான் புள்ள."

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதைகளுக்குள் ஒன்று மட்டும் மாதக்கணக்கில் நீண்டது. அது ஒரு கேம். இங்கிலீசில் அதன் பெயர் நீளம். வாடியில் அதற்கு 'மேல்கடல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொடங்கும்போதே கப்டன் ஆணா பெண்ணா என்று அது கேட்கும். சுவேதினி பெண் என்று கொடுத்தாள். பெயர் என்ன என்று கேட்டது. தனக்கொரு பெண்பிள்ளை பிறந்தால் வைக்கலாம் என்று எப்போதோ நினைத்து வைத்திருந்த பெயரைக் கொடுத்தாள். அமலி.

கப்டன் அமலி நெருப்புக் கோளுக்குப் போனாள், பனிக் கோளுக்குப் போனாள், பகைவனின் கப்பலுக்குள்ளேயே நுழைந்து தன் ஆட்களை மீட்டாள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தாள். வாடிப் பெண்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப்போல விசாரிக்கத் தொடங்கினார்கள். "அவளின்ர கைக்காயம் ஆறிட்டுதோ?" என்று காலையில் வந்ததும் கேட்பார்கள்.

அதிகமாகக் கேட்டவள் வசந்தமலர். வாடியிலேயே வயதிலும் குரலிலும் பெரியவள். அவளுடைய புருஷன் அருளப்புவுக்குப் புதுப் படகு வந்து கரையில் ஏற்றிக் கிடந்தது. வெள்ளை நிறம், இன்னும் பெயர் எழுதவில்லை. புதன்கிழமை சுவாமியார் வந்து மந்திரிப்பதாக ஏற்பாடு.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகுக்குப் பெயர் வைப்பது வீட்டுப் பெண்ணின் உரிமை. கரையில் நின்று வழி பார்க்கிறவள் அவள்தானே, அவள் எந்தப் பெயரைக் கூப்பிட்டு வேண்டுவாளோ அந்தப் பெயரோடு படகு போகட்டும் என்பார்கள். ஆனால் அந்தப் படகில் அவள் கால் வைக்கக்கூடாது. வைத்தால் மீன் விலகிப்போகும். அருளப்புவின் தாய் பெயர் வைத்த படகில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை. வசந்தமலரும் ஏறியதில்லை. ஏறவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மீன் குறைவு. வசந்தமலர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் பேர் முடிவெடுத்திட்டன்" என்றாள். "கப்டன் அமலி."

வாடி அமளிப்பட்டது. சிவராணி கை தட்டினாள்.

"அக்கா, அது கேமில வாற ஆள்."

"இருக்கட்டுமே. போனவள் திரும்பி வாறாள்தானே? எனக்கு அதுதான் வேணும்."

ஐஸ் பெட்டி எடுக்க வந்த அருளப்பு இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அவருடன் வந்த மருமகன் றொகான்தான் சிரித்தான். தமக்கையின் மகன். படகில் அவரோடு போகிறவன். கையில் எப்போதும் போன்.

"மாமி, அந்தக் கேம் நானும் விளையாடினனான். கப்டன் ஆம்பிளை. இஞ்ச பாருங்கோ, வெளிக்கவரில ஆர் நிக்கிறது?" போனில் ஒரு தாடிக்காரன் துவக்கை நீட்டிக் குறிபார்த்துக்கொண்டு நின்றான். "சுவேதினி அக்கா தனக்கு விருப்பமெண்டு பொம்பிளையாக்கி வைச்சிருக்கிறா."

"அது கேட்டது, நான் குடுத்தனான்," என்றாள் சுவேதினி. "உன்னட்டையும் கேட்டிருக்குமே?"

"கேட்டது. ஆனா கதை ஆம்பிளைக்கெண்டுதான் செய்தது. சரி, அதை விடுங்கோ. மாமா, முக்கியமான விஷயம் வேற. கப்டன் கடைசியில செத்துப்போவார்."

வாடியில் வெட்டுக் கத்திகள் நின்றன. மேலே சீடிகள் மட்டும் ஒன்றோடொன்று உரசின.

அருளப்பு ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தார். "செத்த ஆளின்ர பேரை எழுதிக்கொண்டு நான் கடலுக்குப் போறதோ?"

எல்லோரும் சுவேதினியைப் பார்த்தார்கள்.

"நான் கடைசிக் கட்டம் இன்னும் விளையாடேல்ல," என்றாள் அவள்.

"ஏனடி?" வசந்தமலர் நம்பாமல் கேட்டாள். "எத்தினை மாசமா சொல்லிக்கொண்டு வாறாய்?"

சுவேதினி கையிலிருந்த செதிளைத் துடைத்தாள். "பயம் அக்கா. நான் பாத்த படங்களில பொம்பிளையை மூண்டு வழியாலதான் அனுப்புவாங்கள். ஒண்டில் ஆருக்காவது கலியாணம் கட்டி வைப்பாங்கள். இல்லாட்டி விசராக்கி அலைய விடுவாங்கள். இல்லாட்டி, ஆம்பிளைக்குக் கோவம் வரவேணும் எண்டதுக்காகச் சாகடிப்பாங்கள். இவளுக்கு எதை வைச்சிருக்கிறாங்களோ எண்டு நினைச்சு, கடைசிக் கதவு வரைக்கும் போறதும், திரும்பி வந்து கப்பலில உள்ள ஆக்களோட கதைச்சுக்கொண்டு இருக்கிறதுமா இருக்கிறன்."

"கப்பலில உள்ள ஆக்களோட கதைக்கிறாவாம்!" றொகான் தலையில் கை வைத்தான். "மாமி, இவ ஒரு கிழமையா என்ன செய்தவ தெரியுமோ? எனக்குப் போனில சொன்னவ. கப்பல் சமையல்காரக் கிழவி தன்ர கயிறு சுத்துற சக்கரம் காணேல்ல எண்டு அழுதாளாம். அதைத் தேடிக் கோள் கோளாத் திரிஞ்சிருக்கிறா. நான் அந்தக் குசினிப் பக்கமே போனதில்லை."

"சமைச்சதைத் திண்டிருப்பியே," என்றாள் சிவராணி.

வசந்தமலர் எழுந்தாள். அவள் எழுந்தால் ஒரு தீர்ப்பு வரும் என்று வாடிக்குத் தெரியும். "திங்கக்கிழமை பேர் எழுத ஆள் வருது. ஞாயிறு பூசை முடிய எல்லாரும் என்ர வீட்டுக்கு வாங்கோ. சுவேதினி லப்டொப்பைக் கொண்டுவந்து எங்கட ரீவியில கொளுவட்டும். எங்கட கண்ணுக்கு முன்னால விளையாடி முடிக்கட்டும். அமலி வந்தால் அமலியின்ர பேர். வராட்டி..." அவள் அருளப்புவைப் பார்த்தாள். "உங்கட அம்மா வைச்ச பழைய பேரையே எழுதுங்கோ."

அருளப்பு தலையாட்டினார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவேதினிக்கு ஒரு மன்றாட்டும் மனதில் நிற்கவில்லை. திரையில் இருக்கிற ஒருத்திக்காக மாதாவிடம் கேட்பது சரியா பிழையா என்று யோசித்துக்கொண்டே முழந்தாளில் நின்றாள். கடைசியில் கேட்டாள். கேட்டால் என்ன, மாதாவும் ஒரு பெண்தானே, விளங்காமலா போகும்.

வசந்தமலரின் வீட்டு முன்னறை நிரம்பியிருந்தது. வாடிப் பெண்கள் பாயில் இருந்தார்கள். றொகான் சுவரோடு சாய்ந்து நின்றான். அருளப்பு மட்டும் உள்ளே வராமல், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஈர்க்கால் பல் குத்திக்கொண்டிருந்தார். ஆனால் கதிரை ரீவி தெரிகிற பக்கமாகத்தான் திரும்பியிருந்தது.

திரையில் அமலி வந்தாள். அவளை இவ்வளவு நாளும் காதால் மட்டும் கேட்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"கறுப்பியா இருக்கிறாள்!" என்றாள் வசந்தமலர்.

"நான்தான் அப்பிடி ஆக்கினனான்."

"வடிவாத்தான் இருக்கிறாள்."

சண்டை நீண்டது. சுவேதினியின் விரல்கள் மீன் வெட்டுகிறபோது இருப்பதுபோலவே வேகமாகவும் அமைதியாகவும் இருந்தன. கடைசிக் கதவும் வந்தது. ஆகாயத்தின் நடுவே ஒரு பெரிய இரும்புக் கதவு. அதைக் கடந்தால் ஊர். கதவு மூடிக்கொண்டு வருகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் நெம்புகோல் கதவுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிறது. யாராவது ஒருவர் இங்கே நின்று அதைப் பிடித்தால்தான் கப்பல் போகலாம். நின்றவர் போகமுடியாது. திரையில் இரண்டு வரி வந்தது. கப்டன் நிற்பதா? வேறொருவரை நிறுத்துவதா?

சுவேதினி வாசித்துச் சொன்னாள்.

"கப்டன்தான் நிக்கவேணும்," என்றான் றொகான். "நான் நிண்டனான். பிறகு ஊரில பெரிய சிலை வைப்பாங்கள். சூப்பரா இருக்கும்."

"சிலையை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?" வசந்தமலர் சீறினாள். "காகம் இருக்கவே?"

"அப்ப வேற ஆளை நிப்பாட்டுங்கோ. உங்கட அமலிக்கு ஒண்டும் வராது."

அந்தக் கப்பலில் உள்ள ஒவ்வொருவரையும் வாடிப் பெண்களுக்குத் தெரியும். மருந்து கொடுக்கிற பெண்ணுக்குத் தகப்பனைப் பிடிக்காது. இயந்திரம் பார்க்கிற பையன் கனவில் அழுவான். எல்லாம் சுவேதினி சொல்லித் தெரிந்தது. யாரை விடுவது? கடலில் ஒருவரை விட்டுவிட்டு வந்த படகு கரையில் எப்படி முகம் காட்டும்?

சுவேதினியின் விரல் எதையும் அமத்தவில்லை. கதவு அங்குலம் அங்குலமாக மூடிக்கொண்டிருந்தது.

"புள்ள," என்று சிவராணி மெதுவாகக் கூப்பிட்டாள். "அந்தச் சமையக்காரம்மாட்ட கேட்டியா?"

"என்னத்தை?"

"சும்மா போய்ச் சொல்லிட்டாவது வாயேன். சாகப்போறதுன்னா அவகிட்ட சொல்லாமலா போவ?"

சுவேதினி திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு அமலியைக் கதவடியிலிருந்து திருப்பினாள். நடைபாதை, ஏணி, இன்னொரு நடைபாதை.

"என்ன செய்யிறீங்கள்?" றொகான் கத்தினான். "நேரம் போகுது! இப்ப ஏன் குசினிக்குப் போறீங்கள்?"

"போகட்டும் விடு," என்றார்கள் பெண்கள் ஒரே குரலில்.

குசினியில் கிழவி அடுப்புக்கு முன்னால் நின்றாள். கப்பல் ஆடியது, சட்டிகள் ஆடின, அவள் மட்டும் ஆடவில்லை. அமலி கிட்டப் போனதும் அவள் ஏதோ சொன்னாள். சுவேதினி வாசித்தாள். வாசித்துவிட்டு இன்னொருமுறை வாசித்தாள்.

"என்னவாம்?"

"நீ தேடித் தந்த சக்கரம் இருக்கு. கயிறும் இருக்கு. கதவைக் கட்டி இழுத்துப் பிடிப்பம் எண்டு சொல்லுறா."

திரையில் மூன்றாவதாக ஒரு வரி வந்திருந்தது.

றொகான் சுவரைவிட்டு முன்னால் வந்தான். "இது எனக்கு வரேல்லையே," என்றான். அவன் குரலில் பகிடி இல்லை.

அதற்குப் பிறகு ஒரு கயிறு இழுப்பு. கப்பலின் ஆட்கள் எல்லோரும் சக்கரத்தைச் சுற்றி நின்று இழுக்க, கையிலிருக்கிற விசைப்பெட்டியில் ஒரு பொத்தானை விடாமல் அமத்திக்கொண்டே இருக்கவேண்டும். சுவேதினியின் விரல் சோர்ந்தது. வசந்தமலர் பறித்து அமத்தினாள். பிறகு சிவராணி. பெட்டி கைமாறிக் கைமாறிப் பாயைச் சுற்றிப் போனது. கரைவலை இழுக்கிறபோது எழும்புகிற அதே மூச்சு அந்த அறைக்குள் எழும்பியது. வாசலில் கதிரை விழுந்த சத்தம் கேட்டது. அருளப்பு எழுந்து நின்று, "இழு, இழு, விடாதை!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கப்பல் கதவைக் கடந்தது. கடைசி நொடியில் கயிறு அறுந்து அமலியின் இடக்கையில் சுற்றி, இரண்டு விரலைக் கொண்டுபோனது. ஆனால் வந்தாள். ஒருவரையும் விடாமல் கொண்டுவந்தாள். கரை இறங்கியபோது கிழவி முன்னால் இறங்கினாள், அமலி பின்னால் இறங்கினாள்.

வசந்தமலர் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "ரெண்டு விரல்தானே. எங்கட ஆக்களில ஆருக்குப் பத்தும் முழுசா இருக்கு?"

பிறகு இசை எழும்பிப் பெயர்கள் ஓடின. எல்லாவற்றுக்கும் பின்னால், கப்டனுக்கு நன்றி என்று ஒரு பெரிய படம் வந்து நின்றது. அதில் இருந்தது அமலி இல்லை. அந்தத் தாடிக்காரன்.

பெண்கள் ஊளையிட்டார்கள்.

"ஆரடா இவன்? எங்கயிருந்து வந்தவன்?"

"கயிறு இழுக்கேக்க உவனைக் காணேல்லையே!"

சுவேதினி சிரித்தாள். ஆனால் அவள் கண் அந்தப் படத்தை விட்டு எடுபடவில்லை. "செய்த ஆக்கள் மறந்துபோட்டாங்கள்," என்றாள். "பொம்பிளையும் வரலாம் எண்டு கதவைத் திறந்து விட்டிட்டு, வந்தால் எங்க இருத்திறது எண்டு யோசிக்கேல்ல." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பழுதான மீன் ஒன்றைப் பிரித்து ஓரமாக வைக்கிறவள்போலச் சொன்னாள்.

றொகான் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். "அக்கா, நான் திரும்ப விளையாடப் போறன்," என்றான். "அந்தக் கிழவியோட எங்கயிருந்து கதைக்கத் தொடங்கவேணும்?"

"முதல் நாளே அவள் தேத்தண்ணி தருவாள். வாங்கிக் குடி. வேண்டாம் எண்டு சொல்லாதை."

திங்கட்கிழமை பின்னேரம் வாடி வேலை முடிந்து சுவேதினி கரைக்குப் போனாள். பெயர் எழுதுகிறவர் எழுதி முடித்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளைப் படகின் மூக்கில் நீல எழுத்து. கப்டன் அமலி. மணல் இன்னும் சூடாக இருந்தது.

படகுக்குள் யாரோ நின்றார்கள். கிட்டப் போனபோதுதான் அது வசந்தமலர் என்று தெரிந்தது. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, இயந்திரம் பூட்டுகிற இடத்தில், எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

கீழே அருளப்பு நின்றார். "இறங்கு," என்றார் தாழ்ந்த குரலில். "சனம் பாக்குது."

"பாக்கட்டும். கப்டன் பொம்பிளை எண்டு நீங்கள்தானே எழுதுவிச்சனீங்கள். பேர் ஏறலாம், கால் ஏறக்கூடாதோ?"

"வழக்கம் ஒண்டு இருக்கு."

"நேற்று நீங்களும்தானே எழும்பி நிண்டு 'இழு இழு' எண்டு கத்தினனீங்கள். அவள் ஏறாமல் எப்பிடி இழுக்கிறதாம்?"

அருளப்பு கடலைப் பார்த்தார். கடல் தன்பாட்டில் கிடந்தது. மீன் விலகுமா விலகாதா என்று அது சொல்லவில்லை. பிறகு, "செருப்பைக் கழட்டிப்போட்டு நில்லு," என்றார். "உள்ளுக்கு அடிச்ச பெயின்ற் இன்னும் காயேல்ல."

வசந்தமலர் செருப்பைக் கழற்றி மணலில் எறிந்தாள். பிறகு சுவேதினியைக் கண்டுவிட்டாள்.

"என்ன, பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உன்ர ஆளின்ர படகு. வா."

அவள் பிடித்து ஏறுவதற்காக அருளப்பு படகின் விளிம்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார். சுவேதினி குனிந்து செருப்பைக் கழற்றினாள்.